ரயர்க் கடைத் தட்டில் விழுந்த பனி

1

நத்தாருக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் வீட்டு வாசலில் காரைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கரோல் பாடுகிற ஆட்களில் மூன்று பேரை எங்கள் காரில் ஏற்ற வேண்டும். பிஸ்கட் தூளும் கடல் மணலுமாகக் கிடக்கிற சீற்றில் ஆட்களை இருத்தினால் என் மனைவி ஸ்டெலாவுக்கு மானம் போய்விடும். அதனால் தூசி உறிஞ்சுகிற வாக்கும் குழாயை எடுத்து வந்து பின் சீற்றின் தையலை விரித்துப் பிடித்தேன். உள்ளே நீட்டுக்கு வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தொட்டுப் பார்த்தேன். அரிசி மா.

மகள் மரீனா படியில் இருந்து ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. "வட்ஸ் தற், அப்பா?" என்றாள்.

"போன வருஷத்து ஸ்னோ."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எழும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்ரில்?" என்று சிரித்தாள்.

மன்னாரில் நம்முடைய கோயில் பத்திரிகையின் நத்தார் இதழுக்கு ஏதாவது எழுதித் தா என்று பங்குச் சுவாமி மூன்று தரம் போனில் குரல் அனுப்பிவிட்டார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். போட் எஞ்சின் பழுது பார்த்த கை இது, பேனை பிடித்த கை இல்லை. எதை எழுதுகிறது என்று ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டு திரிந்தேன். கார்ச் சீற்றுக்குள் கிடந்த இந்த ஒரு விரல் மாவைக் கண்டதும், சரி, ஆண்டவர் சொல்லிவிட்டார், இதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

2

ஸ்டெலாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பாலர் பாடசாலையில் பதினொரு வருஷம் படிப்பித்த ஸ்டெலா ரீச்சர்தான். உங்கள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து விட்டவ. இங்கே ஓக்லாந்துக்கு முதலில் வந்ததும் அவதான். படிக்கிற விசாவில் வந்தா. நானும் மரீனாவும் அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்த ஆட்கள்.

வர முன்னம், ரீச்சராகப் பதிய, பதினொரு வருஷம் படிப்பித்ததற்கு இங்கே அத்தாட்சி கேட்டார்கள். நம்முடைய பாலர் பாடசாலைக்குப் பெயர் அச்சடித்த கடிதத் தாளே கிடையாதே! சுவாமி கோயில் முத்திரையைக் குத்தி ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதில் 'மரிய ஸ்டெலா' என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழில் வெறும் 'ஸ்டெலா'. பாஸ்போர்ட்டில் அவவின் தகப்பன் பெயர் முன்னுக்கு. இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப இரண்டு மாதம் போனது. கடைசியில், அனுபவம் நல்லது, ஆனாலும் இங்கே திரும்பப் படிக்க வேண்டும் என்று பதில் வந்தது. நாற்பது வயதில் திரும்பவும் கொப்பி, பென்சில். நானும் மரீனாவும் இரவுச் செபத்தில் அம்மா பாஸ் பண்ண வேண்டும் என்று வேண்டினோம். பாஸ் பண்ணினா.

படித்து முடித்ததும் வேலை கிடைத்தது, ஆனால் நிரந்தரமாக இல்லை. இங்கே ரிலீவர் என்பார்கள். ஒரு ரீச்சருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் காலமை ஆறரைக்கு ஸ்டெலாவின் போன் அடிக்கும். யாருக்காவது தடிமன் வரவேண்டும் என்று செபிக்கவா முடியும்? நான் ஒரு நாள் பகிடிக்கு அப்படிச் சொன்னபோது, "அடுத்த பாவசங்கீர்த்தனத்தில இதையும் சொல்லுங்கோ" என்று ஒரு பார்வை பார்த்தா.

பிறகு ஒனிஹங்காவில், நான் கார்ச் சில்லு மாற்றுகிற ரயர்க் கடைக்கு மூன்று தெரு தள்ளியிருக்கிற ஒரு பாலர் நிலையத்தில் தொடர்ந்து கூப்பிடத் தொடங்கினார்கள். அங்கே தலைமை ரீச்சர் மெரே. இந்த நாட்டுப் பூர்வீக மாவோரிப் பெண். ஸ்டெலாவைவிட ஐந்தாறு வயது இளமை. அங்கே பிள்ளைகள் ரீச்சர்மாரை 'ஃபாயா' என்று சொல்லிக் கூப்பிடும். அம்மா, சின்னம்மா என்கிற மாதிரி ஒரு மாவோரிச் சொல். "என்னை ஃபாயா ஸ்டெலா எண்டு கூப்பிடுதுகள்" என்று சொல்லும்போது இவவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

போன மார்கழியில் நிலைமை இதுதான்: தை மாதம் அங்கே ஒரு நிரந்தர இடம் வரப்போகிறது. எங்கள் விசா மாசி முடிவோடு சரி. அந்த இடம் ஸ்டெலாவுக்குக் கிடைத்தால் இருப்போம். கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். யாருக்குக் கொடுக்கிறது என்று மெரேதான் சொல்ல வேண்டும்.

3

இந்த ஊரில் மார்கழி என்றால் கோடை. முதுகு வேகும். ஆனால் கடைக் கண்ணாடி முழுக்கப் பஞ்சால் பனி ஒட்டியிருப்பார்கள். வெஸ்ட்கேட் பக்கம் ஒரு கடைக்குப் போனபோது, கம்பளி உடுப்புப் போட்ட நத்தார்த் தாத்தா வியர்த்து வழிந்து, தாடியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். மரீனாவின் கண்ணைப் பொத்துவதா, அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்துப் பிள்ளைகளும் பனிப் பாட்டுத்தான் பாடும். அதில் ஒரு குட்டிப் பிள்ளை, ஸ்டெலாவைக் கேட்டிருக்கிறாள், "நீங்கள் ஸ்னோ பார்த்திருக்கிறீர்களா?" என்று. இல்லை என்றிருக்கிறா. "நானும் இல்லை" என்று அந்தக் குட்டி இவவின் கையைப் பிடித்துக்கொண்டதாம். அந்தக் கிழமை மெரே சொல்லியிருக்கிறா: "ஸ்டெலா, லீவுக்கு மூடுகிறதுக்கு முந்தின கடைசிக் கிழமை, ஒரு மூலையை உங்கள் விருப்பம்போலச் செய்யுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெலா சொன்னா: "நான் பிள்ளைகளுக்கு ஸ்னோ செய்து காட்டப் போறன்."

எப்படி என்று நான் கேட்கவே இல்லை. நமக்குத் தெரியாத ஸ்னோவா? பாலன் குடிலுக்குப் பனையோலையால் கூரை வேய்ந்து, அதற்கு மேலே அரிசி மாவை அரிதட்டால் அரித்து விட்டால் ஸ்னோ! மன்னார் வெயிலில் நாங்கள் வருஷா வருஷம் பெய்வித்த பனி. மூவிராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது அந்த மாவைச் சுவாமியின் கோழிகள் கொத்தித் தீர்த்துவிடும். பாடசாலையிலும் அப்படித்தான். அரிசியும் பருப்பும் ஒட்டித்தானே ஸ்டெலா ரீச்சர் படம் செய்விப்பா?

ஐந்து கிலோ மா வாங்கி வந்தோம். ஸ்டெலா பச்சை வாடை போக வறுத்து, இரண்டு தரம் அரித்தா. குசினி முழுக்கப் புட்டு வாசம். போடுகிறதுக்குப் பெரிய தட்டு வேண்டும் என்றா. எங்கள் ரயர்க் கடையில், காருக்கு அடியில் ஒயில் வடிய வைக்கிற பெரிய கறுப்புத் தட்டு ஒன்று, பெட்டி பிரிக்காத புதிது, கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். என்னோடு வேலை செய்கிற கணேசன் மலேசியத் தமிழ் ஆள். நான் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, பேபி ஜீசஸுக்கு ஒயில் சேஞ்சா?" என்றான்.

"பனி பெய்யப் போகுது தம்பி."

"இந்தச் சூட்டுலயா? போங்கண்ணே, போயி நெழலா நில்லுங்க."

4

செவ்வாய்க்கிழமை காலமை தட்டையும் மாவையும் காரில் கொண்டுபோய் இறக்கிக் கொடுத்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்டெலா மூலையில் பச்சைத் துணி விரித்து, தட்டை நடுவில் வைத்து, அரிதட்டை உயரப் பிடித்துத் தட்டினா. மா சன்னமாக இறங்கியது. எனக்கே ஒரு கணம் புல்லரித்துவிட்டது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டு, பிறகு ஒரே பாய்ச்சல். ஒருத்தன் முழங்கை வரைக்கும் விட்டான். அந்தக் குட்டி மாவை அள்ளித் தலைக்கு மேலே எறிந்து, "ஸ்னோ, ஃபாயா ஸ்டெலா, ஸ்னோ!" என்று கத்தினாள். தரையெல்லாம் வெள்ளை. அதன் மேலே சின்னச் சின்னக் காலடிகள்.

அந்த நேரம்தான் மெரே உள்ளே வந்தா. வந்தவ நின்றுவிட்டா. குனிந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து மணந்து பார்த்தா. முகம் மாறவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. கையைத் தட்டி, பிள்ளைகளையெல்லாம் கை கழுவக் கூட்டிக்கொண்டு போகும்படி மற்ற ரீச்சரிடம் சொன்னா. அவர்கள் போனதும் ஸ்டெலாவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கதைத்தா. நான் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். கேட்டது. ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம். எனக்குத் தெரியுது. ஆனால் ஸ்டெலா, இது சாப்பாடு. நாங்கள் இங்கே சாப்பாட்டை விளையாடக் கொடுக்கிறதில்லை. அது எங்கட ஆட்களின்ர முறை. நான் உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும்."

ஸ்டெலா தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

"இதை என்ன செய்யிறது எண்டு நீங்களே பாருங்கோ" என்று சொல்லிவிட்டு மெரே பிள்ளைகளிடம் போய்விட்டா.

மத்தியானம் ஸ்டெலா போன் எடுத்தா. "இஞ்சேருங்கோ, சாப்பாட்டு நேரத்தில காரோட வாங்கோ." போனேன். தரையில் சிந்தியதையெல்லாம் கையாலேயே கூட்டி அள்ளித் தட்டில் சேர்த்து, எங்கள் பழைய கட்டில் விரிப்பால் மூடி வைத்திருந்தா. இரண்டு பேருமாகத் தூக்கிப் பின் சீற்றில் வைத்தோம். முதல் ரவுண்டபோட்டில் நான் பிறேக் பிடித்ததில் தட்டு சரிந்து ஒரு பங்கு சீற்றிலே கொட்டிவிட்டது. கார் முழுக்க மா. ஊரில் குடிலுக்கு வராத பனியெல்லாம் என் காருக்குள் பெய்தது.

5

அன்று பின்னேரம் ஸ்டெலா குசினிக் கதிரையில் இருந்துவிட்டா. தேத்தண்ணி ஆறிப்போனது.

"வேலை போச்சு" என்றேன் நான். ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அது.

"வேலைய விடுங்கோ. பாண் துண்டு நிலத்தில விழுந்தா இந்தப் பிள்ளையை எடுத்துக் கண்ணில ஒத்திக் கொஞ்ச வைக்கிறவள் நான். நான் அஞ்சு கிலோ அரிசி மாவை நிலத்தில போட்டுப் பிள்ளைகளை உழக்க விட்டிருக்கிறன். அவ சொல்லித்தானே எனக்கு விளங்கினது?"

"குடிலுக்குப் போடுறதுதானே…"

"அது பாலனுக்கு. அதுக்குப் பிறகு கோழி தின்னும். இது ஆருக்கு?"

பஞ்சம் பட்டவர்கள் நாங்கள். அகதி முகாமில் மாவுக்கு வரிசையில் நின்றவ ஸ்டெலா. சாப்பாட்டின் அருமையை இன்னொருவர் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது என்பதுதான் அவவுக்குக் குத்தியது. வெட்கம் எனக்கும்தான்.

மரீனா தட்டை எட்டிப் பார்த்தாள். "ஜஸ்ட் பின் இற், அம்மா" என்றாள், குப்பையில் போடச் சொல்லி.

"வாயை மூடு!" என்று ஸ்டெலா போட்ட சத்தத்தில் பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். பிறகு இவவும் அழுதா. பிறகு மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னா: "வேலை போனாலும் பரவாயில்லை. விசா போனாலும் பரவாயில்லை. இது குப்பைக்குப் போகக் கூடாது."

பிள்ளைகள் காலால் உழக்கிய மாவைச் சாப்பிட முடியாது. இங்கே சுவாமிக்குக் கோழியும் இல்லை. அன்று செபமாலை சொல்லும்போது என் மனம் செபமாலையில் நிற்கவே இல்லை, மாவிலேதான் நின்றது. நாலாவது தேவ இரகசியத்தில் வந்து சேர்ந்தது: மீன்!

நான் கடற்கரையில் பிறந்தவன். மீன் பிடிக்க மா போதுமே! அரிசி மா தனியே ஊசியில் நிற்காது. கொதிதண்ணியில் களி மாதிரிக் கிண்டி, பாண் துண்டு சேர்த்துப் பிசைந்து உருட்டினால் நிற்கும். புதன், வியாழன் இரண்டு நாளும் வேலை விட்டதும் மூன்று பேருமாக ஒனிஹங்காப் பாலத்துக்குப் போனோம். கோடையில் இங்கே எட்டு மணி தாண்டியும் வெயில். நடந்து போகிற அந்தப் பாலத்தில் தூண்டில் போடுகிற ஆட்களுக்கென்று ஒதுக்கி இடம் விட்டிருக்கிறார்கள். தளர்ந்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டு மீனைக் கூட்டினேன். ஸ்டெலா ஒவ்வொரு பிடிக்கும், "அதுவும் வீணில்லைத்தானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தா.

"மீனும் ஒரு சீவன்தானே? திண்டுட்டுப் போகட்டும்."

முதல் மீன் மரீனாவின் தூண்டிலில்தான் பட்டது. "அப்பா! கடிக்குது! கடிக்குது, இழுக்கட்டா?" என்று துள்ளினாள். ஸ்டெலா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் கண்ணால் பேசாமல் இரு என்றேன். ஒரு வருஷமாகத் தமிழில் வாய் திறக்காத பிள்ளை. கவனித்தோம் என்று காட்டினால் திரும்ப மூடிக்கொள்ளும். நம்ம ஊர் மணலை மாதிரி ஒரு மீன். இரண்டு நாளிலும் ஒரு வாளி சேர்ந்தது. மாத் தட்டு வழித்து எடுத்தது போல ஆனது.

6

வெள்ளிக்கிழமை நிலையத்தில் வருஷக் கடைசிச் சாப்பாடு. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்டெலா மீனுக்கு மஞ்சளும் மிளகும் மட்டும் போட்டுப் பொரித்தா. பிள்ளைகள் வாய்க்கு மிளகாய்த் தூள் ஆகாது. தட்டையும் கழுவி எடுத்துக்கொண்டோம். அதில்தான் பொரித்த மீனையெல்லாம் கடதாசி விரித்து அடுக்கியிருந்தா. சரி, நன்றி சொல்லிவிட்டு வருவோம், அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டு போனோம்.

சாப்பிட முன்னம் மெரே எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்து, மாவோரியில் சாப்பாட்டுச் செபம் பாடுவித்தா. எனக்குச் சொல் ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியும் இருக்கவில்லை. நானும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மீன் பறந்தது. மெரே மூன்று துண்டு சாப்பிட்டா. "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டா.

ஸ்டெலாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "வாங்கேல்லை. இதுதான் ஸ்னோ" என்றா.

மெரேக்கு விளங்கவில்லை. ஸ்டெலா தன் ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னா. பாண் விழுந்தால் கொஞ்சுவது, கோழி, பாலம், மாத் தூண்டில், எல்லாம். மெரே மீனைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. கேட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் குப்பைத் தொட்டியை ரோட்டுக்குத் தள்ளினது நான்தான். மூடியைத் திறந்து பார்த்தன், ஸ்டெலா. மா அதுக்குள்ள இருக்கேல்லை. மூன்று நாளா யோசிச்சுக்கொண்டிருந்தன், இந்த மனிசி அதை எங்கே கொண்டுபோயிருக்கும் எண்டு."

பிறகு இன்னொரு மீன் எடுத்தா.

போகிற நேரம் நான் தட்டைக் கழுவித் தோளில் தூக்கினேன். மெரே வாசலில் மறித்தா. "அதை இங்கேயே வையுங்கோ. தை மாதம் ஃபாயா ஸ்டெலாவுக்குத் தேவைப்படும்."

எனக்கு விளங்க இரண்டு வினாடி எடுத்தது. ஸ்டெலாவுக்கு எடுக்கவில்லை. அவ அதற்குள் மெரேயைக் கட்டிப் பிடித்துவிட்டா. நத்தாருக்கு முதல் நாள் வேலைக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை வைத்து விசாவும் வந்தது.

7

ரயர்க் கடைத் தட்டு இப்பவும் நிலையத்தில்தான் இருக்கிறது. இந்தக் கிழமை அதில் பொகுட்டுகாவா மரத்துப் பூவிதழ்களைக் கொட்டி வைத்திருக்கிறார்களாம். நத்தார் காலத்தில் இங்கே ரோட்டோரமெல்லாம் கொட்டுகிற சிவப்பு நார். பிள்ளைகள் அள்ளி அள்ளித் தலையில் எறிகிறதுகள். "எங்கட ஊர் ஸ்னோ சிவப்பு" என்று அந்தக் குட்டி புதிதாக வந்த ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாளாம். எங்கள் வீட்டுக் குடிலிலும் இம்முறை சிவப்புத்தான்.

நேற்று நான் சீற்றுத் தையலில் வாக்கும் குழாயை வைக்கப் போனேன். மரீனா ஐஸ்பழக் குச்சியோடு ஓடி வந்தாள்.

"நோ, அப்பா! அது சாப்பாடு!"

குச்சியைத் தையலுக்குள் விட்டு மாவைக் கிண்டி எடுத்தாள். ஒரு கரண்டி கூட வராது. அதில் பாதி தூசி. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் வேலிக் கட்டையில் கொட்டினாள். கொட்டிவிட்டுத் திரும்பி, இன்னும் இரைந்துகொண்டிருந்த வாக்குமைக் காட்டி, "அதை நிப்பாட்டுங்கோ. குருவி வராது" என்றாள்.

நிப்பாட்டினேன். இரண்டு பேரும் படியில் இருந்தோம்.